காலியாகத் தெரிந்த படிவம்

உன் பேருக்கு இன்றைக்கு ஒரு படிவம் வந்திருக்கிறது, மாப்ள.

காலையில் வழக்கம்போலக் கடையைத் திறந்து, சாம்பிராணி போட்டுவிட்டு, நீ லினக்ஸ் ஏற்றிக் கொடுத்த அந்தப் பழைய கம்ப்யூட்டரைப் போட்டேன். கடையின் மின்னஞ்சலில் விசிட்டிங் கார்டு ஆர்டர், காலண்டர் மாதிரி என்று வந்து குவிந்திருந்த குப்பைக்கு நடுவில் அந்த ஆஸ்பத்திரி அறக்கட்டளையின் மடல் கிடந்தது. ஆங்கிலத்தில்தான். உங்கள் முறை வந்துவிட்டது, இணைத்திருக்கும் படிவத்தை நிரப்பித் திருப்பி அனுப்பினால் சேர்க்கைக்கு ஏற்பாடு செய்கிறோம் என்று எழுதியிருக்கிறார்கள். திறந்து பார்த்தேன். அதே நீலக் கட்டங்கள். முதல் கட்டத்தில் உன் பேரை அவர்களே அடித்து அனுப்பியிருக்கிறார்கள். அன்றைக்குப் பேரைக் காணோம், பேரைக் காணோம் என்று திருப்பித் திருப்பி அனுப்பியவர்கள்தான்.

உன்னை ஆவணியில் எரித்தோம். அதற்குப் பிறகு ஒரு தீபாவளி சீசன் முழுசாக ஓடி, லோடு லாரி எல்லாம் போய், சிவகாசித் தெருக்கள் வெறிச்சென்று கிடக்கின்றன. இப்போது வருகிறார்கள், முறை வந்துவிட்டது என்று. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்கள். இங்கே நமஸ்காரம் பண்ண ஆளே இல்லை.

வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். பக்கத்தில் கல்யாணப் பத்திரிகைக் கடை வைத்திருக்கும் செல்வம் எட்டிப் பார்த்து, "என்ன பாய், காலங்காத்தால யாரைக் கிழிக்கீக?" என்றான். யாருமில்லைப்பா, போ என்றேன். உண்மையிலேயே யாருமில்லை. திட்டுவதற்கு ஒரு ஆள் கிடைத்திருந்தால் எனக்கு எவ்வளவோ தேவலை.

இந்தக் கம்ப்யூட்டரை நீ மாற்றிக் கொடுத்த நாள் நினைவுக்கு வருகிறது. வருகிறவன் போகிறவன் பென்டிரைவில் இருந்த வைரஸ் எல்லாம் உள்ளே குடியேறி, ஜெராக்ஸ் கடைக்கு வேண்டிய சின்ன வேலையைக்கூடச் செய்யாமல் அது முக்கிக்கொண்டு கிடந்தது. காயலான் கடைக்குப் போடப்போகிறேன் என்றேன். பிரஸ் லீவு நாளாகப் பார்த்து நீ வந்து உட்கார்ந்தாய். காலண்டர் பிரஸ்ஸில் வாரம் முழுக்கக் கம்ப்யூட்டரில் டிசைன் பண்ணுகிறவனுக்கு லீவு நாளிலும் அதே பிழைப்பு. சாயங்காலம் திரையில் ஒரு பெங்குயின் வந்து நின்றது.

"என்னலே இது, கோழி மாதிரி?"

"லினக்ஸ் மாப்ள. இதுல வைரஸ் அம்புட்டு லேசுல ஒட்டாது. காசும் கெடையாது."

"ஓசில குடுக்கானா? அப்பம் வெளங்கிரும்."

"ஓசில குடுத்தாலும் ஒழுங்காக் குடுத்துருக்கான். நீ காசை வாங்கிக்கிட்டு மங்கலா ஜெராக்ஸ் எடுத்துக் குடுக்க."

ஆட்களுக்கு முன்னால் நான் உனக்குப் பாய். ஆள் நகர்ந்ததும் மாப்ள. பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த காலத்திலிருந்து அப்படித்தான். உனக்கு நானும் மாப்ள, எனக்கு நீயும் மாப்ள. அது என்ன முறை என்று இரண்டு வீட்டாரும் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய் விட்டுவிட்டார்கள்.

உனக்கு ஒரு பித்து உண்டு. எந்தக் கோப்பையும் எழுத்தாக வெளியே விடமாட்டாய். டிசைன் முடிந்ததும் எழுத்துகளை எல்லாம் கோட்டுப் படமாக மாற்றிவிடுவாய். கர்வ் போடுவது என்று நீங்கள் பிரஸ்காரர்கள் சொல்வது அதைத்தான். அப்படி மாற்றிவிட்டால் எந்த ஊரில் எந்தக் கம்ப்யூட்டரில் திறந்தாலும் எழுத்து உடையாது, இடம் மாறாது. ஒரே ஒரு தடவை போடாமல் விட்டதில் நடந்த கூத்தை நீ சொல்லிச் சொல்லிச் சிரிப்பாய். ஒரு நகைக்கடைக் காலண்டர். கடைப் பேர் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் கட்டம் கட்டமாக அச்சாகி, மேல்விளிம்பில் தகரம் அடித்து, கட்டுக் கட்டி, லோடும் ஏறிப் போய்விட்டது. "மகாலட்சுமி நல்லா வந்துருக்காக தம்பி, எங்க கடையைத்தான் காணோம்" என்று முதலாளி போனில் கேட்டாராம். அன்றையிலிருந்து சோறு தின்ன மறந்தாலும் நீ கர்வ் போட மறந்ததில்லை. என் மகள் கல்யாணப் பத்திரிகையை முடித்துக் கொடுத்தபோதுகூட, "கர்வ் போட்டாச்சு மாப்ள. இனி உலகம் அழியுற கியாமத்து நாள் வரைக்கும் ஒரு எழுத்து அசையாது" என்றாய்.

பிறகு அந்த இருமல் வந்தது. பிரஸ் மை வாடைதான் காரணம் என்று நான் சொன்னேன். உன் வீட்டுக்காரி மாரி, அச்சங்குளம் பக்கம் பட்டாசுக் கம்பெனிக்கு வேனில் போய்வருகிறவள், அவள் வேறொன்று சொன்னாள். கல்யாணத்துக்கு முன்னால் ஏழாயிரம்பண்ணையில் நீ பட்டாசு மருந்து கலந்த வேலைதான் இத்தனை வருசம் கழித்து மேலே வருகிறது என்றாள். மதுரையில் டாக்டர் படத்தைத் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, நுரையீரல் சுருங்கிக்கொண்டே வருகிறது என்றார். எதனால் வந்தது என்று நான் கேட்டேன். அவர் வாயைத் திறப்பதற்குள் நீ எழுந்துவிட்டாய். "தெரிஞ்சு என்ன செய்யப்போறோம்? வா, காப்பி குடிப்போம்."

அந்த டாக்டர்தான் அறக்கட்டளையைப் பற்றிச் சொன்னவர். பெரிய நகரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் இந்த நோய்க்குப் புது மருந்து கொடுத்துப் பார்க்கிறார்கள், கொஞ்சம் பேரைத்தான் எடுப்பார்கள், படிவத்தைக் கம்ப்யூட்டரிலேயே நிரப்பி அதே கோப்பாகத் திருப்பி அனுப்பவேண்டும், தாளில் எழுதினால் வாங்கமாட்டார்கள் என்றார். நமக்கு அது ஒன்றுதான் வழி, இங்கே மேற்கொண்டு செய்வதற்கு ஒன்றும் இல்லை என்பதையும் சேர்த்தே சொன்னார்.

என் கடையில் உட்கார்ந்துதான் நிரப்பினோம். மாரி வேன் பிடிக்கப் போகிற வழியில் படிக்குக் கீழே கொஞ்சநேரம் நின்றாள். ஒரே மூச்சில் எத்தனை படி ஏறுவீர்கள் என்று ஒரு கட்டம். "ஒன் கடைப் படி ஏறுறதுக்கே நடுவுல ஒரு நாள் தங்கி வரணும் போல இருக்கு. என்னத்தைப் போட?" என்றாய். துணைக்கு வருகிறவர் பேரைக் கேட்ட இடத்தில் என் பேரை அடித்தாய். அடுத்த கட்டத்தில் உறவு. அதில் நாமாக எழுத முடியாது, தொட்டால் கீழே விரியும், அதில் ஒன்றை அமுக்கவேண்டும். கணவன், மனைவி, தகப்பன், தாய், பிள்ளை, சகோதரன், சகோதரி. அத்தோடு முடிந்தது.

"சேக்காளின்னு ஒண்ணு இல்லையேலே."

"மாப்ளயும் இல்ல. சகோதரன்னு அமுக்கிருவோம்."

"அப்பம் மாரி எனக்கு மதினியால்ல ஆயிருவா. இம்புட்டு நாளும் தங்கச்சின்னுல்ல கூப்பிட்டுக்கிட்டு இருக்கேன்."

மாரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஒங்க முறையை நீங்களே உக்காந்து தீத்துக்கோங்கண்ணே. எனக்கு வேன் போயிரும்" என்று கிளம்பிப் போனாள். நீ சகோதரனை அமுக்கினாய்.

சேமித்து முடித்ததும் உன் வழக்கப்படி வேறொரு கம்ப்யூட்டரில் திறந்து பார்க்கவேண்டும் என்றாய். பென்டிரைவை எடுத்துக்கொண்டு செல்வம் கடைக்குப் போனோம். அவனிடம் இருப்பது எல்லாரும் வைத்திருக்கும் விண்டோஸ். திறந்தவன், "பாய், ஒண்ணுமே இல்லையே. பூராம் காலியா இருக்கு" என்றான். எட்டிப் பார்த்தேன். உன் பேர் இல்லை, வயசு இல்லை, நான் இல்லை. எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. அப்பமே சொன்னேனே, ஓசிச் சரக்கு இப்படித்தான் இருக்கும் என்று உன்னிடம் கத்தினேன். நீ பதற்றப்படவில்லை. "எழுத்தை எழுத்தா விட்டா இப்படித்தான் மாப்ள. கர்வ் போட்ருவோம்."

திரும்பி வந்து, அச்சிடு என்று கொடுத்து, தாளுக்குப் பதிலாகக் கோப்பாகவே எடுத்தாய். கட்டமும் எழுத்தும் ஒன்றோடு ஒன்று ஒட்டி, முழுப்பக்கமும் ஒரே படமாகிவிட்டது. செல்வம் கடையில் திறந்தால் அச்சடித்த மாதிரி எல்லாம் இருந்தது. "இப்பம் எங்க வேணும்னாலும் தெறந்து பாக்கட்டும்" என்றாய். அனுப்பினோம். அன்றைக்கு இரண்டு பேரும் சுக்குக் காப்பி குடித்தோம். உன் முகத்தில் ஒரு தெளிச்சி இருந்தது, நான் பார்த்தேன்.

சில நாளில் பதில் வந்தது. படிவம் காலியாக வந்திருக்கிறது, கட்டாயம் நிரப்பவேண்டிய கட்டங்களை நிரப்பித் திரும்ப அனுப்பவும்.

"நகரத்துக்காரனுக்குக் கண்ணு சரியாத் தெரியல போல. பட்டையாப் போடுவோம்" என்று எழுத்தைத் தடிமனாக்கி, மறுபடியும் கர்வ் போட்டு அனுப்பினாய். அதற்கும் அதே பதில். நான் போன் பண்ணினேன். எடுத்த பெண் மரியாதையாகத்தான் பேசினாள். "சார், சிஸ்டத்துல பிளாங்க்னு வருது சார்." எம்மா, என் கண்ணுக்கு முன்னால் நிறைந்து கிடக்கிறதே என்றேன். "ஃபார்மை ஃபில் பண்ணி அனுப்புங்க சார்" என்றாள். கிளிப்பிள்ளையிடம் பேசினாலாவது வேறு ஒரு வார்த்தை சொல்லும். நீ மூன்றாம் முறை உட்கார்ந்தாய். காலண்டருக்குச் செய்வதுபோல எழுத்தைக் கட்டத்துக்கு நடுவில் நேராக நிறுத்தி, ஓரம் பார்த்துச் சரிசெய்துகொண்டிருந்தாய்.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. கடைக் கண்ணாடி அதிர்ந்தது. இந்த ஊரில் அந்தச் சத்தத்துக்கு யாரும் யாரிடமும் அர்த்தம் கேட்பதில்லை. தெருவில் எல்லார் கையும் போனுக்குப் போனது. நீ எழுந்து நின்று மாரிக்கு அடித்தாய். மணி போய்க்கொண்டே இருந்தது. உன் உதடு நீலம் பூத்துவிட்டது. கடைசியில் எடுத்தாள். "எங்க கம்பெனி இல்லங்க. தள்ளித்தான். பயப்படாதீக." உன் பக்கமிருந்து வெறும் மூச்சிரைப்புதான் போனுக்குள் போனது. அங்கிருந்து அவள், "மெதுவா விடுங்க. மெதுவா மூச்சு விடுங்க. நான் நல்லாத்தான் இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தது எனக்குக் கேட்டது.

போனை வைத்துவிட்டு, நீ எப்போதும் உட்காரும் ஸ்டூலில் மறுபடி உட்கார்ந்தாய். "தெனமும் இவளை வேன் ஏத்திவிட்டுட்டு, எறங்கி வார வரைக்கும் செத்துச் செத்துப் பொழைக்கேன் மாப்ள" என்றாய். பிறகு படிவத்தை அனுப்பச் சொன்னாய்.

மூன்றாவதும் காலி என்று பதில் வந்தபோது நீ படி இறங்க முடியாமல் வீட்டோடு ஆகிவிட்டாய். நான் பென்டிரைவைத் தூக்கிக்கொண்டு செல்வம் கடைக்குப் போனேன், இத்தனை பேர் கண்ணுக்குத் தெரிவது அவர்கள் கண்ணுக்கு மட்டும் எப்படித் தெரியாமல் போகும் என்று பார்த்துவிடலாம் என்ற ஆத்திரத்தில். அவசரத்தில் கோப்பை மாற்றித் திறந்துவிட்டேன். கர்வ் போடாத முதல் கோப்பு. அதே வெறும் கட்டங்கள். எரிச்சலில் மவுசை நங்கென்று அமுக்கினேன். அம்பு போய் விழுந்தது முதல் கட்டத்தில். அதில் உன் பேர் வந்தது.

அடுத்த கட்டத்தைத் தட்டினேன், வயசு வந்தது. ஒவ்வொன்றாகத் தட்டத் தட்ட உன் தெரு, உன் வேலை, என் பேர், சகோதரன், எல்லாம் வந்தன. லினக்ஸில் நாம் அடித்தது அத்தனையும் அந்தக் கோப்புக்குள் பத்திரமாக இருந்திருக்கிறது. செல்வம் கம்ப்யூட்டர் அதைத் தானாகக் காட்டவில்லை, தொட்டால்தான் காட்டியது, அவ்வளவுதான். அந்தப் பெண்ணுக்கு மறுபடி போன் பண்ணி விவரத்தைச் சொன்னேன். "கட்டத்துக்குள்ள டைப் பண்ணுன எழுத்தைத்தான் சார் எங்க சிஸ்டம் எடுக்கும். படமா அனுப்புனா ஒண்ணும் எடுக்காது" என்றாள். அவளுக்கு இது புதுசு இல்லை. நம்மிடம் முதலிலேயே சொல்லவேண்டும் என்று மட்டும் தோன்றவில்லை.

உன் வீட்டுக்கு ஓடினேன். சுவரில் தலையணையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தாய். படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று படுப்பதை விட்டுவிட்டிருந்தாய். நான் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாய். அது இருமலில் போய் முடிந்தது. "காலமெல்லாம் எழுத்தைப் படமாக்கிப் படமாக்கியே சோறு தின்னேன். எனக்குன்னு வாரப்போ அதுவே வெனையாப் போச்சு பாத்தியாலே" என்றாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கிளம்பி வந்து, எல்லாருக்கும் காலியாகத் தெரிந்த அந்த முதல் கோப்பை அனுப்பினேன்.

ஏற்றுக்கொண்டார்கள். இப்போதைய சேர்க்கை நிறைந்துவிட்டது, வரிசைப்படி அழைப்போம் என்றும் எழுதியிருந்தார்கள். வெண்ணெய் திரளும்போது தாழி உடைந்த கதை.

அதற்குப் பிறகு மாரி தினமும் சாயங்காலம் வேனை விட்டு இறங்கியதும் நேரே கடைக்கு வருவாள். அலுமினியப் பொடி ஒட்டிய கை வெள்ளியாக மினுங்கும். உள்ளே ஏறமாட்டாள், கடை அழுக்காகும் என்று கீழேயே நிற்பாள். "வந்துருச்சாண்ணே?" இல்லம்மா என்பேன். "சரிண்ணே" என்று போய்விடுவாள். ஆவணி வரைக்கும் இதுதான் நடந்தது. நீ போன அன்றைக்கு, உன் கால்மாட்டில் உட்கார்ந்து அவள் அழக்கூட இல்லை. என்னைப் பார்த்து, "வேன் ஏறுறது நானு. போனது இவுக" என்று மட்டும் சொன்னாள். பாடையின் ஒரு முனை என் தோளில் இருந்தது. கனமே இல்லாமல் இருந்தாய், மாப்ள.

முதல் தடவையே அந்தக் கோப்பு போயிருந்தால் நீ வரிசையில் முன்னால் இருந்திருப்பாய். அந்த மருந்து உன்னைக் காப்பாற்றியிருக்குமா என்று எனக்குத் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. நிச்சயமாக இல்லை என்று யாராவது சொல்லிவிட்டால்கூட நான் நிம்மதியாகத் தூங்குவேன்.

இன்றைக்குச் சாயங்காலம் மாரி வந்தாள். தீபாவளி லீவு முடிந்து கம்பெனியை மறுபடி திறந்துவிட்டார்கள். இப்போதும் வேன் நம் கடை முனையில்தான் நிற்கிறது. கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். அப்போதும் கீழேயேதான் நின்றாள். நீ படி ஏறி வாம்மா, கடை அழுக்கானால் ஆகட்டும் என்றேன். முதல் தடவையாக உள்ளே வந்து உன் ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

படிவத்தின் கடைசியில், சேரவில்லை என்றால் காரணம் கேட்டிருந்தார்கள். அதுவும் விரிகிற கட்டம்தான். அவளுக்குத் தமிழில் வாசித்துக் காட்டினேன். உடம்பு தேறிவிட்டது. வேறு இடத்தில் சிகிச்சை நடக்கிறது. பயணம் செய்ய இயலாது. விருப்பம் இல்லை. இறந்துவிட்டார் என்று ஒன்று அதில் இல்லை. தேடித் தேடிப் பார்த்தேன், இல்லை.

மாரிதான் சொன்னாள். "பயணம் செய்ய ஏலாதுன்னு போட்ருங்கண்ணே. பொய் இல்லையே."

போட்டேன். படிவத்தை நிரப்புகிறவர் நோயாளிக்கு என்ன உறவு என்று கேட்ட இடத்தில் சகோதரனை அமுக்கினேன். அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். மதினி என்று நான் அவளைக் கேலி பண்ணவில்லை, கேட்டுச் சிரிக்க நீயும் இல்லை. சேமித்தேன். கர்வ் போடவில்லை. செல்வம் கடைக்குக் கொண்டுபோய்த் திறந்தேன். அவன் எழுந்து இடம் விட்டான். நீல வெறுமையாக இருந்தது. தட்டினேன். பயணம் செய்ய இயலாது என்று வந்தது.

அனுப்பிய சூட்டோடு பதில் வந்தது, உன் பேரைப் போட்டு. தங்கள் பதில் கிடைத்தது, விரைவில் பூரண நலம் பெற வாழ்த்துகிறோம், இது தானாக அனுப்பப்படும் மடல், இதற்குப் பதில் எழுத வேண்டாம். இதை நான் மாரிக்கு வாசித்துக் காட்டவில்லை.

கிளம்பும்போது அவள்தான் கேட்டாள். "அந்த எடம் இனி யாருக்குண்ணே போகும்?"

"அடுத்து வரிசையில இருக்க ஆளுக்கும்மா."

"அவுகளாவது இன்னும் இருப்பாகளா?"

அவள் முந்தானையால் ஸ்டூலைத் துடைத்துவிட்டு இறங்கிப் போனாள். நாளைக்கும் அவளுக்கு வேன் உண்டு.

அந்த மடலுக்குப் பதில் எழுதக்கூடாது என்று சொல்லிவிட்டதால் உனக்கு எழுதுகிறேன், இதே கம்ப்யூட்டரில். பெங்குயின் அப்படியேதான் நிற்கிறது. இப்போதெல்லாம் யார் என்ன படிவம் கொண்டுவந்தாலும் நிரப்பி, செல்வம் கடைக்கு எடுத்துப்போய்த் திறந்து, காலியாகத் தெரிகிற கட்டங்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்த பிறகுதான் அனுப்புகிறேன். "இதே பொழைப்பாப் போச்சு பாய் ஒங்களோட" என்று அவன் சலித்துக்கொள்கிறான். கை நிற்பதில்லை. யாரும் இன்னும் ஓர் எழுத்துகூட அடிக்காத வெறும் படிவத்தைத் திறந்தாலும் முதல் கட்டத்தைத் தட்டிவிடுகிறேன். ஒன்றும் வராது என்று தெரியும், மாப்ள. கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.